பந்தை வெச்சுக்கிட்டு சும்மா நின்னா தப்பா? - பாஸ்கெட்பால் இழுத்தடிப்பும் ரெஃப்ரியின் அஞ்சு விரலும்

4 - 2.

ஃபுட்பால் ஸ்கோர் இல்லை பாஸ். 2023-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நடந்த ஒரு ஹைஸ்கூல் பாஸ்கெட்பால் மேட்ச்சின் ஃபைனல் ஸ்கோர் இது. வெதர்ஃபோர்டு 4, அனடார்கோ 2. எட்டு நிமிஷ குவார்ட்டர் நான்கு, மொத்தம் 32 நிமிஷ ஆட்டம். இரண்டு டீமும் சேர்ந்து எடுத்தது ஆறே பாயின்ட்!

அந்த மேட்ச்சின் வீடியோ இணையத்தில் வைரலானபோது சிரித்தவர்கள் பாதி, கடுப்பானவர்கள் பாதி. 'ரெஃப்ரி என்ன பண்ணிட்டிருந்தார்?' என்று கேட்டவர்களும் உண்டு. அவரால் ஒன்றும் பண்ணியிருக்க முடியாது என்பதுதான் பதில். அந்த மாநிலப் பள்ளி ஆட்டங்களில் அப்போது ஷாட் கிளாக் கிடையாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ் போட்டுக்கொண்டே இருக்கலாம். விதிப்படி அது குற்றமில்லை.

இங்கே யாரைத் திட்டுவது? ஆடிய பசங்களையா, கோச்சையா, ரெஃப்ரியையா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இந்தச் சண்டைக்கு எழுபது வயசு தாண்டிவிட்டது தெரியும்.

1950 நவம்பர் 22. மினியாபொலிஸ் லேக்கர்ஸ், இன்றைய லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் பழைய அவதாரம். அந்த டீமில் ஜார்ஜ் மைக்கன் என்று ஒரு 6 அடி 10 அங்குல ராட்சசன். கூடைக்கு அடியில் பந்து அவர் கைக்குப் போனால் கதை முடிந்தது. எதிரில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ். நேருக்கு நேர் ஆடினால் தோல்வி நிச்சயம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆக, ஆடவே இல்லை. பந்தை வாங்கினார்கள், வைத்துக்கொண்டார்கள், நின்றார்கள். கேலரியில் ஏழாயிரம் பேர் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, நான்காவது குவார்ட்டரில் பிஸ்டன்ஸ் எடுத்தது 3 பாயின்ட், லேக்கர்ஸ் 1. கடைசி நொடிகளில் ஒரு கூடை போட்டு பிஸ்டன்ஸ் ஜெயித்தது. ஸ்கோர் 19 - 18. லேக்கர்ஸின் 18-ல் 15 மைக்கன் போட்டது. என்.பி.ஏ வரலாற்றில் இதுதான் மிகக் குறைந்த ஸ்கோர் மேட்ச், இன்று வரை.

போரடித்தது உண்மை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இழுத்தடித்தது சோம்பேறி டீம் இல்லை, பலவீனமான டீம். தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஆளை எதிர்க்க, அந்த விதிகளுக்குள் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தது. அந்த ஆயுதத்தால் ஜெயிக்கவும் செய்தது. இழுத்தடிப்பைப் பற்றிப் பேசும் யாரும் இதை மறந்துவிடக் கூடாது. ஏனென்றால் ஒரு ரெஃப்ரி 'எனக்கு போரடிக்குது' என்று விசில் ஊதினால், பெரும்பாலும் அவர் பறிப்பது சின்ன டீமின் ஆயுதத்தைத்தான்.

அடுத்த சில வருஷங்கள் இன்னும் மோசம். பந்தை வைத்துக்கொண்டு நிற்கும் டீமிடமிருந்து அதை எப்படி வாங்குவது? ஃபவுல் பண்ணு! 1953 மார்ச்சில் பாஸ்டன் செல்டிக்ஸும் சிராக்யூஸ் நேஷனல்ஸும் மோதிய ஒரு பிளே-ஆஃப் மேட்ச் நான்கு ஓவர்டைம் போனது; மொத்தம் 106 ஃபவுல். பாஸ்டனின் பாப் கூஸி அன்று எடுத்த 50 பாயின்ட்டில் 30, ஃப்ரீ த்ரோவில் வந்தது. பாஸ்கெட்பால் பார்க்கப் போனவர்கள் ஃப்ரீ த்ரோ ப்ராக்டிஸ் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இதற்கு விடை கண்டுபிடித்தவர் சிராக்யூஸ் டீமின் ஓனர் டேனி பியாஸோன். இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவில் பௌலிங் கூடம் நடத்தியவர். அவர் போட்ட கணக்கு செம சிம்பிள். ரசிக்கும்படியான ஒரு மேட்ச்சில் இரண்டு டீமும் சேர்ந்து சுமார் 120 ஷாட் அடிக்கிறார்கள். 48 நிமிஷம் என்றால் 2,880 நொடி. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான், 24 நொடி ஷாட் கிளாக் ரெடி! 1954-55 சீசனில் வந்தது. ஒரு டீமின் சராசரி ஸ்கோர் 79.5-லிருந்து 93.1-க்கு எகிறியது. அந்த சீசனின் சாம்பியன் யார் தெரியுமா? பியாஸோனின் சிராக்யூஸ் டீமேதான்.

ஷாட் கிளாக் ஆட்டத்தை வேகமாக்கியது என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் அது பண்ணியது. ரெஃப்ரியின் தலையிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவைத்தது. 'இவன் வேணும்னே இழுக்கிறானா, சான்ஸ் தேடுறானா?' என்று யாருடைய மனதையும் அவர் படிக்க வேண்டாம். கடிகாரம் கத்தும், விசில் ஊதினால் போதும்.

கல்லூரி பாஸ்கெட்பாலுக்கு இந்தப் பாடம் புரிய இன்னும் முப்பது வருஷம் ஆனது. அங்கே 'ஃபோர் கார்னர்ஸ்' என்ற உத்தி பிரபலம். நான்கு மூலைகளில் நான்கு பேர், நடுவில் நன்றாக டிரிபிள் பண்ணத் தெரிந்த ஒருவர். நார்த் கரோலினா கோச் டீன் ஸ்மித் இதில் கிங். 1982 ஏ.சி.சி தொடரின் ஃபைனலில் அவருடைய டீம் ஒரு பாயின்ட் முன்னிலையில் இருந்தபோது, ஏழு நிமிஷத்துக்கும் மேல் பந்தை அப்படியே வைத்துக்கொண்டது. அந்த டீமில் இருந்த முதல் வருஷ மாணவர் ஒருவரின் பெயர் மைக்கேல் ஜோர்டான். எதிரே வர்ஜீனியாவில் 7 அடி 4 அங்குல ரால்ஃப் சாம்ப்சன். உலகத்தையே அசத்தப்போகும் ஜோர்டான் கோர்ட்டில் நிற்கிறார். டிவியில் பார்ப்பவர்களுக்குக் கிடைத்ததோ பாஸ், பாஸ், இன்னொரு பாஸ்! ஸ்கோர் 47 - 45, நார்த் கரோலினா வெற்றி.

இதில் வர்ஜீனியாவுக்கும் பங்கு உண்டு. பின்தங்கியிருந்தும் அவர்கள் ரொம்ப நேரம் வெளியே வந்து பந்தைத் துரத்தவில்லை. சாம்ப்சனைக் கூடைக்கு அருகிலேயே காவல் வைத்துக் காத்திருந்தார்கள். பந்து வைத்திருப்பவர் ஷாட் அடிக்காததும் இழுத்தடிப்பு, பந்து வேண்டியவர் அதைத் தேடிப் போகாததும் இழுத்தடிப்புதான். கேலரியிலிருந்து கத்தும்போது நாம் முதல் ஆளை மட்டும்தான் திட்டுவோம். 1985-86-ல் ஆண்கள் கல்லூரி ஆட்டத்துக்கு 45 நொடி கிளாக் வந்தது. அது 35 ஆகி, இப்போது 30-ல் நிற்கிறது.

'அதெல்லாம் சரி, என்.பி.ஏ-வில் கிளாக் இருக்கு, இந்தியாவிலும் ஃபிபா விதிப்படி 24 நொடி இருக்கு, இப்போ என்ன பிரச்னை?' என்று கேட்கலாம்.

கிளாக் இல்லாத கோர்ட்தான் பிரச்னை!

த்ரீ எக்ஸ் த்ரீ பாஸ்கெட்பால் பார்த்திருப்பீர்கள். ஒரே கூடை, அரை கோர்ட், பக்கத்துக்கு மூன்று பேர், வெளியே ஒரு சப்ஸ்டிட்யூட். வளைவுக்கு உள்ளே ஒன்று, வெளியே இரண்டு பாயின்ட். பத்து நிமிஷம், அல்லது யார் முதலில் 21 எடுக்கிறார்களோ அவர்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமானது. பாரிஸ் 2024-ல் ஆண்கள் ஃபைனல் ஓவர்டைமுக்குப் போய், நெதர்லாந்தின் வொர்தி டி யோங் வெளியே இருந்து போட்ட ஒரே ஷாட்டில் பிரான்ஸ் டீமின் தங்கக் கனவு உடைந்ததே, அந்த ஆட்டம். 18 - 17. பார்க்காதவர்கள் இன்றைக்கே தேடிப் பாருங்கள், வொர்த்து.

ஒலிம்பிக்கில் இதற்கு 12 நொடி ஷாட் கிளாக். மூச்சு வாங்க நேரமிருக்காது. ஆனால் இதே ஆட்டம் கல்லூரி விழாவிலும் அப்பார்ட்மென்ட் கோர்ட்டிலும் பார்க்கிலும் நடக்கும். அங்கே எலெக்ட்ரானிக் கிளாக்குக்கு எங்கே போவது? விதி எழுதியவர்களுக்கும் இது தெரியும். அதனால் இரண்டு வரி சேர்த்திருக்கிறார்கள். ஆக்டிவாக ஆடாமல், அதாவது ஸ்கோர் பண்ண முயற்சி எடுக்காமல் இழுத்தடிப்பது ஒரு வயலேஷன். இது ஒன்று. ஷாட் கிளாக் இல்லாத கோர்ட்டில், ஒரு டீம் கூடையைத் தாக்கப் போதுமான முயற்சி எடுக்கவில்லை என்றால், ரெஃப்ரி கடைசி ஐந்து நொடியைச் சத்தமாக எண்ணி எச்சரிக்க வேண்டும். இது இரண்டாவது.

படிக்க எளிமையாக இருக்கிறது இல்லையா? விசில் பிடித்து நின்றால்தான் சிக்கல் தெரியும். 'போதுமான முயற்சி' என்றால் எவ்வளவு? ஸ்க்ரீன் போட்டு, கட் பண்ணி, மூன்று பாஸ் போட்டும் கேப் கிடைக்காத டீம் முயற்சி எடுக்கிறதா, இல்லையா? இரண்டு பாயின்ட் முன்னிலையில் இருக்கும் டீம் கொஞ்சம் மெதுவாக ஆடினால் அது புத்திசாலித்தனமா, குற்றமா? ஒரு ரெஃப்ரிக்கு ஏழாவது நொடியில் சந்தேகம் வரும், இன்னொருவருக்கு இருபதாவது நொடியில்தான் வரும். அதே ரெஃப்ரிக்கே முதல் நிமிஷத்தில் ஒரு மாதிரியும் ஒன்பதாவது நிமிஷத்தில் வேறு மாதிரியும் தோன்றும். தோற்கும் டீமின் நண்பர்கள் கேலரியில் 'ரெஃப்ரீ... டைம்!' என்று கத்தினால் இன்னும் சீக்கிரம் தோன்றும்.

என் கருத்து இதுதான்: அந்த 'போதுமான முயற்சி' என்ற வார்த்தையை ரெஃப்ரி தன் மனசுக்கு விடக் கூடாது, கணக்குக்கு விட வேண்டும். கிளாக் இருந்திருந்தால் 12 நொடி. ரெஃப்ரி சத்தமாக எண்ண வேண்டியது 5. மிச்சம் 7. ஒரு டீம் கைக்குப் பந்து வந்ததும் மனதுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். ஷாட் வரவில்லையா, கையைத் தூக்கி, விரல் காட்டி, 'அஞ்சு, நாலு, மூணு...' என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பியுங்கள். யார் முன்னிலை, யார் பின்னால், ஆட்டம் ஜாலியா போரா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. முதல் நிமிஷத்தில் எண்ணியதை அதே வேகத்தில் கடைசி நிமிஷத்திலும் எண்ண வேண்டும். ஃபிபா விதியில் இந்த ஏழு கிடையாது. அது விதியிலிருக்கும் 12-லிருந்து 5-ஐக் கழித்துப் போட்ட என் கணக்கு. ஆனால் கிளாக் உள்ள கோர்ட்டில் கிடைக்கும் அதே நேரத்தை இது இங்கேயும் கொடுக்கும்.

இதிலும் சிக்கல் உண்டு, இல்லாமல் இல்லை. ரெஃப்ரியின் கண் கையடி, தள்ளுமுள்ளு, காலடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மூளை பாட்டுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணவும் வேண்டும். பக்கத்திலேயே டிஜே வேறு குத்துப்பாட்டு போட்டுக்கொண்டிருப்பார். அதனால் முடிந்தால் எண்ணும் வேலையை ஸ்கோர் டேபிளில் இருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். மொபைல் ஸ்டாப் வாட்ச்சும் கணீர்க் குரலும் போதும். ஏழாவது நொடியில் அவர் 'ஃபைவ்' என்று ஆரம்பித்தால், ரெஃப்ரி கையைத் தூக்கித் தொடரலாம்.

ரெஃப்ரிகள் எண்ணும் வேகமும் ஒரு தனிக் கலை. 2021 என்.பி.ஏ பிளே-ஆஃப் ஞாபகமிருக்கிறதா? மில்வாக்கி பக்ஸ் ஸ்டார் யானிஸ் ஆன்டெட்டோகூன்போ ஃப்ரீ த்ரோ போட எக்கச்சக்க நேரம் எடுத்துக்கொள்வார். விதிப்படி அங்கே 10 நொடி. எதிரணி ரசிகர்கள் அரங்கம் அதிர 'ஒன்... டூ... த்ரீ...' என்று எண்ண ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டம் எண்ணிய வேகத்தில் பத்து நொடி எப்போதோ முடிந்துவிடும்! ரெஃப்ரிகள் அவர்களோடு சேர்ந்து எண்ணவில்லை. நிஜமாகவே நேரம் தாண்டியபோது யானிஸ் மீது வயலேஷனும் கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் எண்ணுவது கூட்டத்தின் உரிமை. ரெஃப்ரியின் எண்ணிக்கை அவருடையதாகவே இருக்க வேண்டும். (ஃபைனலின் கடைசி மேட்ச்சில் யானிஸ் 19 ஃப்ரீ த்ரோவில் 17-ஐ உள்ளே போட்டு, மொத்தம் 50 பாயின்ட் எடுத்துக் கோப்பையைத் தூக்கினார் என்பது தனிக் கதை.)

மற்ற விளையாட்டுகள் என்ன செய்கின்றன?

ஹேண்ட்பாலில் ஷாட் கிளாக்கே கிடையாது. அங்கே இதற்கு 'பாசிவ் ப்ளே' என்று பெயர். ஒரு டீம் தாக்காமல் சுற்றிக்கொண்டிருந்தால் ரெஃப்ரி கையைத் தூக்குவார், எச்சரிக்கை. அதற்குப் பிறகு எப்போது விசில் ஊதுவது என்பது ஒருகாலத்தில் முழுக்க அவருடைய விருப்பம். சண்டைக்குக் கேட்கவா வேண்டும்? 2016-ல் கை தூக்கிய பிறகு ஆறு பாஸ்தான் என்று வரம்பு வைத்தார்கள். 2022-ல் அதை நான்காகக் குறைத்தார்கள். கையைத் தூக்குவது இன்னும் ரெஃப்ரியின் கணிப்புதான். ஆனால் தூக்கிய பிறகு நடப்பதை கேலரியில் இருக்கும் குழந்தையும் எண்ணலாம்.

கபடி இன்னும் தெளிவு. புரோ கபடியில் இரண்டு முறை தொடர்ந்து வெறும் ரெய்டு போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. பாயின்ட் எடு, இல்லையென்றால் அவுட். அந்த இரண்டு வெறும் ரெய்டையும் வேண்டுமென்றே சும்மா சுற்றிவிட்டு வந்தாயா என்று யாரும் கேட்பதில்லை. முன்னிலையில் இருக்கும் டீம் வேண்டுமென்றேதான் பண்ணும், எல்லோருக்கும் தெரியும். அது ஆட்டத்தின் ருசியாகவே மாறிவிட்டது.

கணிப்பை நம்பி வாழும் விளையாட்டு என்றால் மல்யுத்தம். பாரிஸ் ஒலிம்பிக் 76 கிலோ காலிறுதியில் நம்ம ரீதிகா ஹூடா, கிர்கிஸ்தானின் ஐபெரி மெடெட் கிஸியோடு மோதினார். முடிவில் 1 - 1. அந்த இரண்டு பாயின்ட்டுமே எதிராளி ஆக்டிவாக இல்லை என்பதற்காகக் கிடைத்தவை. கடைசி பாயின்ட் யாருக்கோ அவருக்கே வெற்றி என்ற விதிப்படி ரீதிகா வெளியேறினார். ஒருவர் மற்றவரைப் பிடித்துப் போட்டு எடுத்த பாயின்ட் ஒன்றுகூட இல்லாமல் ஓர் ஒலிம்பிக் காலிறுதி முடிந்தது. அங்கேயும் எச்சரித்த பிறகு 30 நொடி கடிகாரம் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் யாரை எச்சரிப்பது என்பதே ஒரு கணிப்பு. அதன் எடை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபுட்பால் சொல்லும் பாடம் வேறு. கோல்கீப்பர் பந்தை 6 நொடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்று பல வருஷமாக விதி இருந்தது. யாராவது அதை அமல்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா? அபூர்வம். தண்டனை, கோலுக்குப் பக்கத்திலேயே இன்டைரக்ட் ஃப்ரீ கிக். இவ்வளவு பெரிய தண்டனையை இவ்வளவு சின்ன தப்புக்குக் கொடுக்க ரெஃப்ரிகளுக்குக் கை வரவில்லை. 2025-26 சீசனிலிருந்து 8 நொடி, தாண்டினால் எதிரணிக்கு கார்னர். கடைசி ஐந்து நொடியை ரெஃப்ரி கை தூக்கி விரலால் காட்ட வேண்டும். ஆமாம், த்ரீ எக்ஸ் த்ரீயில் சொன்ன அதே ஐந்து!

கிரிக்கெட்டிலும் இதே கதை நடந்தது. ஓவருக்கு ஓவர் 60 நொடி ஸ்டாப் கிளாக். 2024 டி20 உலகக் கோப்பையில் மூன்று முறை தாமதித்த அமெரிக்க டீமுக்கு, இந்தியா சேஸ் பண்ணிக்கொண்டிருக்கும்போது 5 ரன் பெனால்ட்டி. பெரிய சண்டை எதுவும் வரவில்லை. கடிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் காரணம்.

பாஸ்கெட்பாலில் நல்ல விஷயம், தண்டனை ஏற்கெனவே சின்னது. இழுத்தடித்தால் வயலேஷன், பந்து எதிரணிக்கு. அவ்வளவுதான். ஃபவுல் கணக்கு இல்லை, ஃப்ரீ த்ரோ இல்லை. எனவே ரெஃப்ரி 'ஐயோ, மேட்ச்சையே மாத்திடுவோமோ' என்று தயங்க வேண்டியதில்லை. எண்ணினாரா, ஜீரோ வந்ததா, ஊத வேண்டியதுதான். அஞ்சிலிருந்து ஆரம்பித்துவிட்டு இரண்டுக்கு வந்ததும் 'ஷாட் போடுப்பா' என்று கெஞ்சும் ரெஃப்ரிகள் உண்டு. அது வேண்டாம். அடுத்த முறை எண்ணும்போது யாரும் பயப்பட மாட்டார்கள்.

இன்னொரு வகை இழுத்தடிப்பும் இருக்கிறது. பந்து விளையாட்டில் இல்லாதபோது நடப்பது. கூடை விழுந்ததும் பந்தைத் தெரியாத மாதிரி ஒரு தட்டு தட்டி ஓரமாக அனுப்புவது, வளைவுக்கு வெளியே செக் பால் கொடுக்கும்போது கைக்கு எட்டாமல் உருட்டிவிடுவது, வியர்வை துடைப்பது, ஷூ லேஸ் கட்டுவது, அவிழ்த்து மறுபடியும் கட்டுவது. சொல்லப்போனால் இதுதான் உண்மையான ஏமாற்று வேலை. பந்தை வைத்துக்கொண்டு பாஸ் போடும் டீம், எதிரணிக்கு அதைப் பறிக்கும் வாய்ப்பையாவது கொடுக்கிறது. இங்கே எதிரணியால் ஒன்றுமே பண்ண முடியாது, வேடிக்கைதான் பார்க்கணும். இதில் ரெஃப்ரி தயவு தாட்சண்யம் பார்க்கவே கூடாது. முதல் முறை எச்சரிக்கை, அதையும் இரண்டு கேப்டனையும் கூப்பிட்டு, டேபிளுக்கும் சொல்லிவிட்டுப் பண்ண வேண்டும். மறுபடியும் நடந்தால் டெக்னிகல் ஃபவுல். முன்னிலையில் இருக்கும் டீம் கடைசி ஒரு நிமிஷத்தில் இதை ஆரம்பிக்கும் என்பதால், எச்சரிக்கையை அதுவரை சேமித்து வைக்காமல் முதல் முறை நடக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்து உங்கள் கல்லூரியிலோ ஏரியாவிலோ த்ரீ எக்ஸ் த்ரீ டோர்னமென்ட் நடத்துகிறீர்கள் என்றால், டாஸ் போடும்போதே கேப்டன்களிடம் நான்கு விஷயம் சொல்லிவிடுங்கள். ஷாட் கிளாக் கிடையாது. ஏழு நொடி மௌனம், அதற்குப் பிறகு ஐந்து சத்தமாக. எண்ணுவது யார், எங்கே உட்கார்ந்திருப்பார். கூடை விழுந்தபிறகு பந்தைத் தொட்டால் எச்சரிக்கை ஒரே ஒரு தடவைதான். இதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. எண்ணுகிறவரை முந்தைய நாளே ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு நாலு தடவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களின் ஐந்து, நான்கு நொடியிலேயே முடிந்துவிடும்.